மகளிர் கையில் பணம்



தெமட்டகொடைப் புகையிரத நிலையத்தை அடுத்துள்ள ஒழுங்கைகளில், விடியற்காலை நான்கு மணிக்கே விளக்கு எரியும் வீடுகள் சில உண்டு. எஞ்சின் கொட்டகையில் இரவு வேலை செய்தவர்கள் களைத்துப்போயிருக்கும் வேளை அது. இந்த வீடுகளிலோ அப்பொழுதுதான் வேலை தொடங்குகிறது. அரிசிமாவிற் கொதிநீர் ஊற்றிக் குழைத்து, உரலில் இட்டுப் பிழிந்து, தட்டுத் தட்டாக நீராவியில் அவித்து, ஆறரை மணிக்குள் இடியப்பத்தைக் கடைகளிற் சேர்த்துவிடவேண்டும். ஏழு மணிக்கு மேற் கொண்டுபோனால் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவித்ததெல்லாம் அன்று பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் உணவாகும்.

எனக்கு அறிமுகமான ஒரு பெண்மணி இருபது ஆண்டுகளாக இத்தொழிலைச் செய்து வருகிறார். தம் பெயரை வானொலியிற் சொல்லவேண்டாம் என்று கேட்டிருக்கிறார். ஆகவே இடியப்பக்கார அக்கா என்றே இவ்வுரையில் அவரைக் குறிப்பிடுவேன். அந்த ஒழுங்கையில் எல்லாரும் அவரை அழைப்பதும் அவ்வாறுதான்.

ஒருமுறை நான் அவருடைய வீட்டில் இருந்தபோது, குடும்ப விபரம் எடுப்பதற்காக ஓர் இளம் உத்தியோகத்தர் வந்தார். "என்ன தொழில் செய்கிறீர்கள் அம்மா?" என்று கேட்டார். "தொழில் ஒன்றுமில்லைத் தம்பி, வீட்டிலேதான் இருக்கிறேன்" என்றார் அக்கா. அன்று அவர் நான்கு மணிக்கு எழுந்து, இருநூறுக்கு மேல் இடியப்பம் அவித்து விற்று, சந்தைக்குப் போய்த் தேங்காய் வாங்கி வந்து, மறுநாளைக்கு மா வறுத்துக்கொண்டிருந்தார். உத்தியோகத்தர் அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அவரிற் குற்றமில்லை. இலங்கையிற் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே தொழிற்படையில் இருக்கின்றனர் என்றும், ஆண்களிற் பத்துக்கு ஏழு பேரளவில் இருக்கின்றனர் என்றும் புள்ளிவிபரங்கள் கூறுகின்றன. அந்தப் புள்ளிவிபரத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அக்காவின் விடை நினைவுக்கு வரும்.

வறுமையைப் போக்குவதற்குப் பெண்களின் கையை வலுப்படுத்தவேண்டும் என்று உலகெங்கும் பேசப்படுகிறது. நல்ல பேச்சுத்தான். ஆனால் கையை வலுப்படுத்துவது என்றால் அந்தக் கையிற் கடனை வைப்பதா, சேமிப்பை வைப்பதா, கணக்குப் புத்தகத்தை வைப்பதா என்ற கேள்வி ஒன்று இருக்கிறது. இதைத் தெமட்டகொடையிலிருந்தே பார்க்கலாம் என்று எண்ணுகிறேன்.

தெமட்ட என்பது குமிழ மரத்துக்குச் சிங்களத்தில் வழங்கும் பெயர். குமிழ மரங்கள் நின்ற மேட்டுநிலம் என்பது ஊர்ப் பெயரின் பொருள் என்பர். இப்பொழுது அங்கே குமிழ மரத்தைத் தேடிக் காண்பது அரிது. புகையிரதப் பாதையும், எஞ்சின் கொட்டகையும், மவுண்ட் மேரியிலுள்ள புகையிரத ஊழியர் குடியிருப்பும், கால்வாயும், பேஸ்லைன் வீதியின் இரைச்சலுமே அவ்வூரின் அடையாளங்கள். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே குழாயடியில் வாளி வைத்து வரிசையில் நின்ற இடம் அது. குழாயடிச் சண்டைக்கு மூன்று மொழியும் போதாமற் போகும் நாட்களும் உண்டு.

நான் வளர்ந்ததும் அந்தப் பக்கந்தான். என் தந்தையார் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞர். என் தாயார் சீட்டுப் பிடித்தார்.

சீட்டு என்றால் என்ன என்பதைத் தமிழ் நேயர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. ஆயினும் இளையோருக்காக ஒரு வார்த்தை. பன்னிரண்டு பெண்கள் மாதம் பத்து ரூபா வீதம் கட்டினால் நூற்றிருபது ரூபா சேரும். மாதத்துக்கு ஒருவர் அதை எடுத்துக்கொள்வார். குலுக்கி எடுப்பதும் உண்டு. அவசரமுள்ளவர் கழிவு கூறி ஏலத்தில் எடுப்பதும் உண்டு. வங்கியில்லை, ஈடில்லை, கையொப்பமில்லை. சிங்களப் பெண்களும் இதற்குச் சீட்டு என்ற சொல்லையே வழங்குவர். 1930களில் இந்நாட்டிற் சீட்டை ஒழுங்குபடுத்த ஒரு கட்டளைச் சட்டம் இயற்றியபோது, ஆங்கிலச் சட்டப் புத்தகத்திலும் அச்சொல்லை அப்படியே இட்டுவிட்டார்கள். மொழிபெயர்க்க முடியாத அளவுக்குச் சீட்டு இந்நாட்டில் ஊறியிருந்தது.

அம்மாவின் சீட்டிலே ஒருமுறை இரண்டாம் மாதம் பணத்தை எடுத்த ஒரு பெண், நான்காம் மாதம் கணவருக்கு மாற்றம் வந்ததென்று குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விட்டார். மீதிப் பெண்கள் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். ஒருவரும் சத்தமிடவில்லை, அதுதான் அம்மாவுக்குத் தாங்கமுடியாததாக இருந்தது. அவரிடம் இரண்டு காப்புகள் இருந்தன. அன்றிலிருந்து ஒன்றுதான் இருந்தது. அப்பாவிடம் கேணியடியில் விழுந்துவிட்டது என்று சொன்னார். நான் அன்றைக்கு அம்மாவோடு அடைவுகடைக்குப் போயிருந்தேன். பத்து வயதுப் பிள்ளையிடம் ஒருவரும் விளக்கம் சொல்வதில்லை. ஆனால் சீட்டுக்கு அடியில் இருப்பது நம்பிக்கை ஒன்றே என்பதும், அது உடைந்தால் அதன் விலையைத் தனியொருத்தி கட்டவேண்டியிருக்கும் என்பதும் அன்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இந்தக் குறையைத் தீர்க்கும் வழி ஒன்றைக் கொழும்பின் வறிய பெண்களே பின்னாளில் வகுத்தார்கள். 1984ஆம் ஆண்டில் அரசாங்கம் பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகாரசபை, குடிசைவாழ் மக்களுக்கு வீட்டைக் கட்டிக் கொடுக்காமல், அவர்களே கட்டிக்கொள்ளச் சிறு கடன் கொடுத்தது. குடியிருப்புத்தோறும் சமூக அபிவிருத்தி மன்றங்கள் அமைந்தன. கிணறு, வடிகால், பொதுக் குழாய் ஆகிய வேலைகளை அம்மன்றங்களே ஒப்பந்தமாக எடுத்துச் செய்தன. மன்றத்திற் பேசியவர் பெரும்பாலும் ஆண்கள். குழாய் எந்த இடத்தில் வரவேண்டும் என்று அறிந்திருந்தவர்கள் பெண்கள்.

அந்தச் சூழலில், 1989ஆம் ஆண்டளவில், அயல்வீட்டுப் பெண்கள் ஐந்து பேர் முதற் பதினைந்து பேர் வரை சேர்ந்து சிறு குழுக்களை அமைக்கத் தொடங்கினார்கள். கிழமைக்கு ஒருமுறை கூடி ஆளுக்கு ஐந்து ரூபா சேமித்தார்கள். சேர்ந்த பணத்திலிருந்து அவர்களே ஒருவருக்கொருவர் கடன் கொடுத்தார்கள். பல குழுக்கள் சேர்ந்து ஒரு கிளையாயின. 1991ஆம் ஆண்டில் இது ஒரு கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு பெற்றது. மகளிர் வங்கி என்றே மக்கள் அதை அழைத்தனர். சட்டப்படி அது வங்கியன்று. ஆயினும் பெரிய வங்கியின் கண்ணாடிக் கதவுக்குள் செருப்போடு போகலாமா என்று தயங்கிய பெண்களுக்கு வேறெந்தப் பெயரும் அவ்வளவு இனித்திருக்காது.

நேயர்களே, இந்த முறையின் உள்ளமைப்பைச் சற்று ஊன்றிக் கவனிக்கவேண்டும். முதலாவது, கடனுக்கு முன் சேமிப்பு. ஐந்து ரூபாவை ஒழுங்காகக் கொண்டுவருகிறவளுக்கே கடன். முதற் கடன் மிகச் சிறியது. அதைத் திருப்பிக் கட்டினால் அடுத்தது சற்றுப் பெரியது. ஒருத்தி கடன் கேட்டால் அவளுடைய குழுவே பிணை. பணம் எதற்கு என்று கேட்பவர் வெளியூர் உத்தியோகத்தர் அல்லர். அவளுடைய கூரை எங்கே ஒழுகுகிறது என்பதை அறிந்த அயல்வீட்டுக்காரி. அதனாற் பொய் சொல்லுவது கடினம். கூச்சப்படவேண்டிய அவசியமும் குறைவு. நோய்க்குக் கடன் கேட்கலாம். கந்துவட்டிக்காரனிடம் பட்ட கடனைத் தீர்ப்பதற்கும் கேட்கலாம். தொழிலுக்குத்தான் கடன் என்று முரண்டு பிடிக்கும் நிறுவனங்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாற் தொழில் முதல் மருந்தாக மாறிவிடும் என்பதை மறந்துவிடுகின்றன. இப்பெண்கள் மறக்கவில்லை.

வட்டியும் சங்கத்துக்கே, அதாவது உறுப்பினருக்கே, திரும்பி வருகிறது. கணக்கு எழுதுகிறவள் உறுப்பினர். எழுத்துக்குப் பழகாத கையினால் எழுதிய எத்தனையோ புத்தகங்களை நான் பார்த்திருக்கிறேன். கூட்டலிற் பிழை இருந்தாலும், அடுத்த கிழமை நாலு பேர் சேர்ந்து அதைப் பிடித்துவிடுவார்கள். அம்மாவுடைய சீட்டில் கணக்கு அவருடைய தலைக்குள் இருந்தது. காப்பு போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதைப்போன்ற முயற்சிகள் அயல்நாடுகளிலும் நடந்தன. அகமதாபாத்தில் இலா பட் அம்மையார் 1972இல் சுயதொழிற் பெண்களின் சங்கத்தையும், 1974இல் அவர்களுடைய கூட்டுறவு வங்கியையும் தொடங்கினார். சென்னையில் ஜெயா அருணாசலம் அம்மையார் 1978இல் உழைக்கும் பெண்கள் அமைப்பை உருவாக்கினார். சந்தையிற் காய்கறி விற்பவரும் சுமை சுமப்பவரும் அதில் உறுப்பினராயினர். வங்காளதேசத்தில் முகம்மது யூனுஸ் 1976இல் ஜோப்ரா என்ற கிராமத்திற் கொடுத்த சிறு தொகை, 1983இல் கிராமின் வங்கியாகி, 2006இல் நோபல் பரிசு வரை சென்றது. அந்தப் பரிசின் பின் சிறுகடன் என்ற சொல்லுக்கு ஒரு மந்திர சக்தி இருப்பதாக உலகம் நம்பத் தொடங்கியது. கம்பனிகளும் நம்பின. ஆனால் அவை நம்பியது வேறு விதமாக.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கையிற் பென்சில் உள்ளவர்கள் எழுதிக்கொள்ளலாம். ஒரு பெண்ணுக்கு 50,000 ரூபா கடன். வட்டி நூற்றுக்கு 24 என்று சொல்லப்படுகிறது. ஓராண்டுக்கு வட்டி 12,000. மொத்தம் 62,000. இதை 52 கிழமைக்குப் பங்கிட்டாற் கிழமைக்கு 1,192 ரூபா சொச்சம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 50,000 ரூபாவும் ஆண்டு முழுவதும் அவள் கையில் இருக்கிறதா? இல்லை. முதற் கிழமையிலிருந்தே திருப்பிக் கட்டத் தொடங்கிவிடுகிறாள். ஆறு மாதத்தில் அவள் கையில் உள்ள கடன் ஏறத்தாழப் பாதிதான். வட்டியோ முழுத் தொகைக்கும் கட்டுகிறாள். சரியாகக் கணக்கிட்டால் உண்மை வட்டி நூற்றுக்கு 40ஐத் தாண்டிவிடும். இதற்கு மேற் பதிவுக் கட்டணம், காப்புறுதி என்று பிடித்துக்கொண்டால் இன்னும் ஏறும். இந்தக் கணக்கை விளங்கிக்கொள்வதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஆறாம் வகுப்புக் கணிதம் போதும். ஆனால் கடன் பத்திரத்தை நீட்டுகிற நேரத்தில் அதை விளக்கிச் சொல்ல ஒருவரும் இருப்பதில்லை.

போர் முடிந்த 2009க்குப் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும், வரட்சியால் வாடிய வடமத்திய மாகாணத்திலும் இவ்வகைக் கடன்கள் வீட்டு வாசலுக்கே வந்தன. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன். அதைக் கட்ட மூன்றாவது. கணவரை இழந்த பெண்கள் பலர் இச்சுழலிற் சிக்கினர். சிலர் உயிரையும் மாய்த்துக்கொண்டனர். 2018ஆம் ஆண்டில் அரசாங்கம் வரட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலுள்ள பெண்களின் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட சிறுகடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் பெண்கள் தினத்தன்று, ஹிங்குராக்கொடையிற் கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். இந்தியாவிலும் இவ்வாறே 2010இல் ஆந்திரப் பிரதேச அரசாங்கம் சிறுகடன் கம்பனிகளைக் கட்டுப்படுத்த அவசரச் சட்டம் பிறப்பிக்கவேண்டியதாயிற்று. ஆறு நாடுகளிற் செய்த ஆய்வுகள் 2015இல் ஒருங்கே வெளிவந்தன. ஐதராபாத்தும் அவற்றுள் ஒன்று. சிறுகடன் சிலருக்குத் தொழிலை விரிக்க உதவுகிறது, ஆனால் குடும்பத்தின் வறுமையை அது பொதுவாக மாற்றிவிடவில்லை என்பதே அவற்றின் முடிவு. எதிர்பார்த்தவர்களுக்கு அது ஏமாற்றம். இடியப்பம் விற்றவர்களுக்கு அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

அக்காவும் ஒருமுறை இந்த வலைக்குள் விழுந்தவர்தாம். குழுவிற் கேட்டாற் காரணம் சொல்லவேண்டுமே என்று, வாசலுக்கு வந்தவர்களிடம் கடன் எடுத்தார். காரணம் என்னவென்றால், கணவருடைய முச்சக்கர வண்டிக்கு லீசிங் தவணை மூன்று மாதம் பாக்கி. பத்திரத்திற் கையொப்பம் அக்காவுடையது. பணம் ஒரு மணி நேரம்கூட அவர் கையில் இருக்கவில்லை. வண்டி பிறகும் பறிபோயிற்று. கிழமைதோறும் தவணை கேட்டு வந்தவர்கள் தேடி வந்தது அவரைத்தான்; வண்டிக்குரியவர் அந்த நேரங்களில் வீட்டில் இருப்பதில்லை. அவர் தீய மனிதர் அல்லர் என்பதையும் சொல்லவேண்டும். வெட்கப்பட்டவர். வெட்கம் ஆண்களை வீட்டுக்கு வெளியே அனுப்புகிறது; பெண்களுக்கு அந்த வசதி இல்லை.

கடைசியில் அவர் குழுவிடம் போய் உண்மையைச் சொன்னார். அன்றைய கூட்டம் நெடுநேரம் நடந்தது. குழுத் தலைவியாகிய சிங்களப் பெண்மணி, "நங்கி, முதலிலே எங்களிடம் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டு அழுதுவிட்டாராம். பின்னர் ஒரு கடன் கொடுத்து வெளிக்கடனை அடைப்பித்தார்கள். அதைத் திருப்பிக் கட்ட அக்காவுக்கு இரண்டரை ஆண்டு பிடித்தது.

அதற்குள் 2022 வந்தது. எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, அரிசிமாவின் விலை கிழமைக்கு ஒன்று. அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பில் உணவுப் பொருட்களின் விலை முந்திய ஆண்டைவிட நூற்றுக்கு 95 அளவில் ஏறியிருந்தது. 2021இல் நூற்றுக்குப் பதின்மூன்று பேராயிருந்த வறியோர் தொகை, 2022இல் இருபத்தைந்தாக உயர்ந்தது என உலக வங்கி மதிப்பிட்டது. அந்த மாதங்களில் அக்காவின் குழுவில் எவரும் புதிய சேமிப்புக் கட்டவில்லை. கூட்டத்தை நிறுத்தவுமில்லை. கிழமைதோறும் கூடி, யார் வீட்டில் விறகு இருக்கிறதோ அங்கே நாலு வீட்டுக்கும் சேர்த்து உலை வைத்தார்கள். இதை எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. அவர்களுடைய புத்தகத்தில் அந்தக் கிழமைகளுக்கு நேரே தேதி மட்டும் இருக்கிறது.

இன்னொரு செய்தியையும் சொல்லாமல் விடமுடியாது. 2010க்குப் பின்னர் நகர அபிவிருத்தி அதிகாரசபை கால்வாயோரத்திலும் பாதையோரத்திலும் இருந்த குடியிருப்புகளை அகற்றி, தெமட்டகொடையிலும் வனாத்தமுல்லையிலும் உயர்ந்த தொடர்மாடிகளைக் கட்டியது. உறுதியான சுவர், தனிக் குழாய், தனி மலசலகூடம். மழைக்காலத்தில் வெள்ளம் புகாத வீடு எத்தகைய பேறு என்பதை, கட்டிலின்மேல் அடுப்பை ஏற்றி வைத்தவர்களே அறிவர். ஆனால் வீடுகள் குலுக்கல் முறையிற் கொடுக்கப்பட்டன. ஒரு வேலிக்கு இருபுறமும் நாற்பது ஆண்டு வாழ்ந்தவர்களில் ஒருவருக்கு மூன்றாம் மாடி, மற்றவருக்குப் பத்தாம் மாடி. சீட்டுக் குலுக்கிச் சேர்த்து வைத்த உறவைக் குலுக்கலே பிரித்தது. ஐந்து பேர் கிழமைக்கு ஒருமுறை கூடுவதற்கு முன்பு ஒரு திண்ணை போதும். இப்பொழுது மின்தூக்கி வேலைசெய்யவேண்டும். அவித்த இடியப்பத்தைப் பதினோராம் மாடியிலிருந்து ஆறரை மணிக்குள் வீதிக்கு இறக்குவது எப்படி என்று வரைபடம் வரைந்தவர்கள் யோசித்திருப்பார்களா என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. வரைபட மேசையைச் சுற்றி இடியப்பம் அவிக்கும் பெண் ஒருத்தியையாவது அமர்த்தியிருந்தால், கீழ்த்தளத்திற் பொதுச் சமையற்கூடம் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும்.

இந்நாட்டுப் பெண்களுக்கு 1931இலேயே வாக்குரிமை கிடைத்தது. அடுத்த ஆண்டிலேயே, 1932இல், வடகொழும்புத் தொகுதி மக்கள் நேசம் சரவணமுத்து அம்மையாரை அரசாங்க சபைக்குத் தெரிவு செய்தனர். அச்சபையில் இடம்பெற்ற இரண்டாவது பெண் அவர், தமிழ்ப் பெண். 1945இல் இலவசக் கல்வி வந்தது. பெண்கள் படித்தார்கள், இன்று பல்கலைக்கழகங்களில் ஆண்களைவிடக் கூடுதலாக இருக்கிறார்கள். வாக்கும் படிப்பும் இவ்வளவு முந்தி வந்த நாட்டில், கைக்காசு மட்டும் ஏன் இவ்வளவு பிந்தியது? ஒரு காரணம் எனக்குத் தெளிவாகத் தோன்றுகிறது. சமையல், பிள்ளை, முதியோர், நோயாளி என்ற நான்கு பொறுப்பும் பெண்ணுடைய தலையிலேயே இருக்க, அவளிடம் தொழிலும் செய் என்கிறோம். பிள்ளையைப் பகலில் நம்பி விடுவதற்கு ஓர் இடம் இருந்தால் தெமட்டகொடையில் எத்தனை பெண்கள் நாளைக்கே வேலைக்குப் போவார்கள் என்று அந்த ஒழுங்கையிற் போய்க் கேட்டுப் பாருங்கள். கடன் வேண்டுமா என்று கேட்பதற்கு முன்பு கேட்கவேண்டிய கேள்வி அது.

அக்காவுக்கு இப்பொழுது ஏழாம் மாடியில் வீடு. குழுவில் இருவர் அதே கட்டடத்தில், மற்றவர்கள் சிதறிவிட்டார்கள். ஆயினும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குக் கூடுகிறார்கள். முன்பு மாலையிற் கூடுவது வழக்கம். மறுநாள் மாவுக்கு அரிசி ஊறவைக்கும் நேரம் அது என்பதனால் மாற்றிக்கொண்டார்களாம். கணக்குப் புத்தகம் சென்ற ஆண்டிலிருந்து அக்காவிடம் இருக்கிறது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஒவ்வொரு தொகையையும் எழுதிய பின், வாய்க்குள் ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறார். நான் கடைசியாகப் போனபோது இரண்டாவது அவிக்கும் பானை ஒன்று அடுப்படியில் புதிதாக இருந்தது. அது சேமிப்பில் வாங்கியதா, கடனில் வாங்கியதா என்று கேட்டேன்.

"பாதி பாதி" என்றார். பிறகு, "என் பெயரிலே" என்றார்.